மேல் தட்டில் இரண்டு பைகள்

கோயம்புத்தூர்
29 மே 2025, வியாழன்

அக்காவுக்கு,

நேற்று அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடுப்பெலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் பார்க்க விடுகிறார்கள். கண் திறக்கவில்லை.

நீ நேற்றிலிருந்து பதினொரு முறை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை. போனில் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க முடியாமல்தானே பள்ளியை விட்டு அம்மாவோடு தேயிலை பறிக்கப் போனேன். எழுதினால் வரும். மஞ்சூர் பஸ் கண்டக்டர் தங்கவேலு அண்ணன் மதியம் இங்கே வந்து சேரும்போது வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். குன்னூரில் உன்னிடம் கொடுத்துவிடுவார்.

அப்பாவைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கா" என்பார். அதை நம்பாதே. வாசல் செக்யூரிட்டியோடு தினமும் சண்டை பிடிக்கிறார். "இதென்ன பாக்டரிங்களா, சங்கு ஊதுனாத்தான் உள்ள விடுவீங்களா" என்று கேட்டார். அந்த ஆள் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

நான் எழுத வந்தது வேறு. திங்கட்கிழமை காலை காட்டுமாடு அம்மாவைத் தூக்கி எறிந்தபோது நான் நான்கு வரிசை தள்ளி நின்றேன். அவளோடு ஜீப்பில் வந்தவளும் நான்தான். குன்னூர் ரத்த வங்கியில் உன் கவுண்டரில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே குரூப், பி நெகட்டிவ். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, தள்ளி நில்லு" என்றாய். அன்றைக்குப் பத்தொன்பது நாள்தான் குறைந்தது. ஜூன் பதினாலு. நான் பிறந்தபோது நீதான் முதலில் தூக்கியதாக அம்மா சொல்வாள்.

கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது உன்னைப் பார்த்து "நீ வராதே" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஏன் என் கையை வேண்டாம் என்றாய் என்று எழுது.

கெஸியா


குன்னூர்
30 மே, வெள்ளி

கெஸி,

உன் கடிதத்தை ரத்த வங்கியின் பின்வாசலில் நின்று படித்தேன். இங்கே மழை நிற்கவில்லை.

கேட்டதற்குச் சொல்கிறேன். உன் கையில் எடுத்திருந்தாலும் அந்த ரத்தத்தை அன்று அம்மாவுக்கு ஏற்றியிருக்க முடியாது. எடுத்த ரத்தத்தில் நோய் இருக்கிறதா என்று சோதித்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதோடு, பெற்ற பிள்ளையின் ரத்தத்தைத் தாய்க்கு அப்படியே ஏற்றக் கூடாது. கதிர்வீச்சு காட்டித்தான் ஏற்ற வேண்டும். அந்த மெஷின் மலையில் இல்லை. இதையெல்லாம் அன்று உன்னிடம் விளக்க எனக்கு நேரம் இல்லை. தள்ளி நில் என்றது தப்புதான். சொன்ன விதம் தப்பு.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நீ ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கும் கவுண்டருக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். அதே நேரம் நம் சபையிலிருந்து பி நெகட்டிவ் ஆட்கள் ஏழு பேரும் கேட்டில் நனைந்துகொண்டு நின்றார்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. ஏழு பேரையும் திருப்பி அனுப்பினேன். ஏழு பேரும் பெரிய வெள்ளிக்கிழமை கொடுத்தவர்கள். ஒரு முறை கொடுத்தால் மூன்று மாதம் கொடுக்கக் கூடாது.

பெரிய வெள்ளி ரத்ததானம் யாருடைய யோசனை? என்னுடையது. நான்கு வருஷமாக நான்தான் நோட்டீஸ் ஒட்டுகிறேன். "அவர் நமக்காகச் சிந்தினார், நாம் ஒரு பை கொடுப்போம்" என்று நானே எழுதினேன். ஒரே நாளில் அறுபத்திரண்டு பை. அன்று எனக்கு எவ்வளவு பெருமை. மலையில் அபூர்வமான குரூப் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வற்றவைத்துவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை.

பாடகர் குழு பெனிஸ் அண்ணன் கொடையாளர் அட்டையை நீட்டினார். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "பிஸ்கட்டும் ஜூஸும் குடுத்து எங்களை ஏமாத்திப் போட்டயே அலீனா" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அப்பாவின் குரூப். என் ரத்தமும் உதவாது. என்னோடு வேலை செய்யும் இன்னொருத்தி பிரசவ லீவில் போயிருக்கிறாள். நான் விட்டு வந்தால் கவுண்டரில் ஆள் இல்லை. ஆனாலும் நீ சொன்னால் வருகிறேன். அம்மாவின் காலைப் பார்த்துக்கொள். வீங்கினால் உடனே நர்ஸிடம் சொல். கூச்சப்படாமல் சொல்.

அலீனா


கோயம்புத்தூர்
1 ஜூன், ஞாயிறு

அக்காவுக்கு,

கால் வீங்கிவிட்டது. நேற்று மாலை ஐந்து நிமிடத்தில் நான்தான் பார்த்தேன். இடது தொடை, வலதைவிட ஒன்றரை மடங்கு. நர்ஸிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். உள்நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறதாம். கட்டியைக் கரைக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசியும், கொடுக்காவிட்டால் கட்டி மேலே ஏறும் என்கிறார்கள். குறைத்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

வீங்கும் என்று உனக்கு எப்படி முன்னமே தெரிந்தது?

இன்று காலை இரண்டு டாக்டர்கள் கதவருகே நின்று அம்மாவின் பைலைப் பார்த்தார்கள். ஒருவர் இளையவர். "நாலு பையுமே முப்பத்தெட்டு நாள் பழசுங்க சார்" என்றார். பெரியவர், "அதை இப்பப் பேசி என்ன பண்றது" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் பார்ப்பதில்லை, அதனால் எல்லாமே என் காதில் விழுகிறது.

நாற்பத்திரண்டு நாளில் ரத்தத்தைக் கொட்டிவிடுவார்கள் என்று நீ ஒரு தடவை வீட்டில் சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் இன்னும் நான்கு நாள் போயிருந்தால் குப்பைக்குப் போக வேண்டியதைத்தான் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாய். காலையில் பறித்த இலை பொழுது சாய்வதற்குள் பாக்டரிக்குப் போகாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும் என்று அப்பா சொல்வார். அந்த இலையை மேஸ்திரி எடை போடவே மாட்டார்.

இதையெல்லாம் கேட்காமலே விட்டிருப்பேன். ஆனால் ஐஸ் பெட்டியோடு வந்தபோது உன் பிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. நான்கு பைகளையும் கீழ்த் தட்டிலிருந்து எடுத்தாய். மேல் தட்டில் ஒரு தனி ட்ரேயில் இரண்டு பைகள் இருந்தன. அதே ரோஸ் நிற லேபிள். பி, நெகட்டிவ். எடுத்த தேதி மே இருபத்திரண்டு. பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் தேதி படிக்கத் தெரியும்.

நான்கு நாள் ஆன இரண்டு பைகள் மேலே இருக்கும்போது முப்பத்தெட்டு நாள் ஆனதை ஏன் எடுத்தாய்?

கெஸியா


குன்னூர்
2 ஜூன், திங்கள்

கெஸி,

நீ பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதினொரு முறை போன் செய்தேன்.

அந்த இரண்டு பைகளும் ராஜப்ரியாவுக்கு. சேரங்கோட்டுக் குழந்தை, ஆறு வயது. உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றியே ஆக வேண்டும். அவளுக்குப் புது ரத்தம்தான் நல்லது. பழசு ஏற்றினால் சீக்கிரம் தீர்ந்துபோகும், அடிக்கடி குத்த வேண்டிவரும். அவள் ஊர்க்காரர் ஒருவர் இருபத்திரண்டாம் தேதி வந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு பை அவர் கூட்டிவந்த ஆளுடையது. இருபத்தேழாம் தேதி அவளுடைய முறை. அவள் அம்மா இசக்கியம்மா முந்தின நாளே பஸ் ஏறிவிடுவாள், மூன்று பஸ் மாறணும். நான் அம்மாவுக்குப் பை எடுத்த நேரத்தில் அவர்கள் கூடலூர் பக்கம் எங்கேயோ வந்துகொண்டிருந்தார்கள்.

விதி என்னவென்றால், முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழசை முதலில் கொடுக்காவிட்டால் வீணாகும். இது நான் போட்ட விதி இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பொய் சொன்ன மாதிரி. நான் அந்த மேல் ட்ரேயைத் தொட்டேன். கையில் எடுத்தும்விட்டேன். திரும்ப வைத்தேன்.

பிப்ரவரியில் பிக்கட்டி நஞ்சப்பன் என்று ஒருவர் வந்தார், உருளைக்கிழங்குக் காடு வைத்திருப்பவர். அவர் மனைவிக்கு நாற்பது நாள் ஆன பையைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைவிடப் புதுசா ஒண்ணு இல்லீங்களா" என்றார். இருந்தது. "தேதி முடியற வரைக்கும் எல்லாம் ஒரே ரத்தந்தானுங்க, இதென்ன மீன் கடைங்களா பொறுக்கி எடுக்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனார். அம்மாவுக்குப் பை எடுக்கும்போது அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. தன் அம்மா என்றதும் மேல் தட்டுக்குக் கை போனது என்று நாளைக்கு ஊரே பேசும் என்று நினைத்தேன். குழந்தைக்காக வைத்தேனா, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கால் வீங்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். நாளாக ஆக ரத்த அணு விறைத்துப்போகும், சிலது உடையும். உடைந்ததிலிருந்து கசிவது உறைதலைத் தூண்டும் என்று சொல்கிறார்கள். பெரிய அடிபட்டு வந்தவர்களில், நான்கு வாரம் தாண்டிய ரத்தம் ஏற்றியவர்களுக்குக் காலில் கட்டி அதிகம் வந்ததாக ஒரு ஆராய்ச்சியில் படித்திருக்கிறேன். பிறகு இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. செத்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. இடுப்பு உடைந்து அசையாமல் கிடப்பவர்களுக்கு ரத்தமே ஏற்றாவிட்டாலும் கட்டி வரும். அம்மாவுக்கு எதனால் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இதைத் தேறுதலாகச் சொல்லவில்லை. என்னால்தான் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அலீனா


கோயம்புத்தூர்
4 ஜூன், புதன்

அக்காவுக்கு,

படித்தேன்.

கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. நேற்றுக் காலை பத்து மணிக்கு. தொண்டைக்குள் குழாய் விட்டிருக்கிறார்கள். மெஷின் மூச்சு விடுகிறது.

நீ எழுதியதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் உன்னை இன்னும் பெருமையாகப் பேசுகிறார். பக்கத்து பெஞ்சுக்காரரிடம், "எம் பெரிய புள்ளதானுங்க ரத்தம் குடுத்து அனுப்பிச்சா, இல்லீன்னா அன்னைக்கே போயிருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் உண்மைதான். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை புரிந்திருக்கும். இப்போது மேல் தட்டு மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன் என்று எழுதாமலே இருந்திருக்கலாம்.

வராதே. இந்த முறை கத்திச் சொல்லவில்லை.

கெஸியா


குன்னூர்
5 ஜூன், வியாழன்

கெஸி,

வராதே என்கிறாய், சரி. அம்மாவுக்குத் துணையாக இருப்பது நீ. நான் அங்கே வந்து நின்று, நீ எழுந்து போய்விட்டால், அவளுக்கு யாரும் இல்லாமல் போகும்.

ஆனால் துணிப்பை கட்டி வைத்திருக்கிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. தேதி மட்டும் போடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து தங்கவேலு அண்ணன் திரும்பி வரும் நேரத்துக்குத் தினமும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கடிதம் இல்லாத நாளில் நான் வாய் திறப்பதற்குள் அவரே இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். அம்மா ஒரு முறை கண் திறந்தால், "வா" என்று ஒரே ஒரு எழுத்து எழுதி அனுப்பு. அன்றைக்கே ஏறிவிடுவேன். அதுவரைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்.

அலீனா


கோயம்புத்தூர்
7 ஜூன், சனி

அக்காவுக்கு,

இன்று காலை அம்மாவின் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். தானாக மூச்சு விட்டாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. முதலில் கேட்டது, "எலை பறிக்கப் போகாம இங்கென்ன பண்ற." இரண்டாவது கேட்டது, "அலீனா எங்கடி."

மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது, திறந்ததும் வந்துவிடுவாள் என்றேன். நம்பிவிட்டாள். ஜூன் மாதம் ரோடு அடைப்பது அவளுக்குப் புதிதில்லை. "மெதுவா வரச் சொல்லு, மண்ணு மேல நடக்க வேண்டான்னு சொல்லு" என்றாள். அக்கா, ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. தங்கவேலு அண்ணன் நேரம் தவறாமல் வருகிறார்.

வா.

கெஸியா


மஞ்சூர்
15 ஜூன், ஞாயிறு

அக்காவுக்கு,

இந்தக் கவருக்குள் இன்னொரு கடிதம் இருக்கும். ஏழாம் தேதி எழுதியது. முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படி.

படித்திருப்பாய்.

அந்தக் கடிதத்தை ஏழாம் தேதி மதியம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். தங்கவேலு அண்ணன், "என்னம்முணி, இன்னைக்காவது கடுதாசி இருக்குங்களா, அங்க அந்தப் புள்ள நிக்குதுங்க" என்றார். என் சுடிதார் பைக்குள் கையை விட்டேன். கவரைத் தொட்டேன். மேல் தட்டு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு நாள் நிற்கட்டும் என்று நினைத்தேன். இல்லீங்க அண்ணா என்றேன். எட்டாம் தேதியும் போனேன். அன்றைக்கும் இல்லை என்றேன். அம்மா தேறிக்கொண்டிருக்கிறாள், நாள் இருக்கிறது என்று நினைத்தேன். எட்டாம் தேதி மாலை அவள் மறுபடியும் கேட்டாள். ரோடு இன்னும் திறக்கவில்லை என்றேன்.

ஒன்பதாம் தேதி காலை பதினொன்றரைக்கு இன்னொரு கட்டி நுரையீரலுக்குப் போயிற்று. உனக்குத் தகவல் சொன்னது அப்பா.

அப்பா போனில் எப்போதும்போல "நல்லாத்தான் இருக்கா" என்று மட்டுமே சொன்னதால், அவள் கண் விழிக்கவே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அடக்கத்தில் நீ என்னைப் பார்த்துக் கேட்டது அது ஒன்றுதான்: "கடைசி வரைக்கும் நெனவு வரலையா கெஸி?" நான் தலையை ஆட்டினேன். அது ஆம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். இரண்டு நாள் நினைவு இருந்தது, அக்கா. இரண்டு நாளும் உன்னைத் தேடினாள். கோபம் எதுவும் அவளுக்கு இல்லை. அவளுக்கு எந்தப் பையைப் பற்றியும் தெரியாது. உன் கால் சேற்றில் வழுக்கிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

உன்னால் இறந்தாளா என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதினாய். அவள் உன்னைப் பார்க்காமல் இறந்தது யாரால் என்பதைச் சொல்லிவிடலாம். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

நேற்று நான் ரத்த வங்கிக்கு வந்ததை நீ எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இலை எடை போட்டதும், முதுகில் இலை போடும் சம்பாரிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நீ படிவத்தை எடுத்து, முன்பின் தெரியாத ஆளைக் கேட்பதுபோல, "பேரு" என்றாய். சொன்னேன். "வயசு" என்றாய். பதினெட்டு என்றேன். உன் பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எடை நாற்பத்தாறு. நீயே நரம்பைத் தேடினாய். ஒரே குத்தில் கிடைத்துவிட்டது, வலிக்கவே இல்லை. பை ஆடி ஆடி நிறைவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிஸ்கட் கொடுத்தாய். "ரெண்டு மணி நேரம் வெயிட் தூக்காதே" என்றாய். அப்போதும் அந்தக் கடிதம் என் பையில்தான் இருந்தது. அப்போதும் கொடுக்கவில்லை.

என்னால் இப்போதைக்கு உன்னோடு பேச முடியாது. நீ இதைப் படித்த பிறகு உன்னாலும் என்னோடு பேச முடியாமல் போகலாம். வீட்டில் அப்பா மட்டும் மூன்று தட்டு எடுத்து வைக்கிறார், பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறார்.

பாஸ்டர் வந்திருந்தார். அடுத்த பெரிய வெள்ளிக்கும் ரத்ததானம் உண்டா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். ஒரே நாளில் வேண்டாம், மாதத்துக்கு ஐந்து பேராகப் பிரித்துப் பட்டியல் போடுங்கள் என்று சொன்னேன். வாயால்தான் சொன்னேன். பெனிஸ் அண்ணன் பட்டியல் எழுதுகிறார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தாய். கணக்குப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பதினேழாம் தேதி அந்தக் குழந்தை வர வேண்டும். அவள் மேல் எனக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வந்தது. இன்னும் போகவில்லை. அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார அடம்பிடிப்பாளோ என்னவோ என்று சில சமயம் நினைக்கிறேன், அப்போதும் போகவில்லை.

என் பையை மேல் தட்டில் வை. அவளுக்கே கொடு. செவ்வாய்க்கிழமை அதற்கு மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

கெஸியா